ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிள்

போன வாரம் புது மெஷினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றுப் போனவளை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நம் ஆஸ்பத்திரி லேப் முழுக்கச் சுற்றிக் காட்டினீர்கள். உங்களில் ஒருத்தி மெஷின் பக்கத்தில் நின்று ஆசை ஆசையாக விளக்கினாள்.

“மேடம், இதுல டிரைக்கோமோனாஸ் உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்ல. செத்துப் போயிருந்தாலும் அதோட மரபணுவைப் பிடிச்சிரும். இனிமே சாம்பிள் ஐஸ்ல வந்தாலும் கவலை இல்ல.”

நான் பதில் சொல்லாமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தப் பிள்ளை மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தப்பு ஒன்றும் இல்லையம்மா. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்து யோசித்து, இப்போது எழுதுகிறேன்.

எங்கள் காலம்தான் நல்ல காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த மெஷின் ஒரு சில வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் எனக்கு.

டிரைக்கோமோனாஸ் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டில் வேறு யாராவது வாசிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி அது. உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். பெண்களுக்கு அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல் என்று படுத்தி எடுக்கும். ஆண்களில் பலருக்கு எதுவுமே தெரியாது. மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலே, சத்தம் காட்டாமல் உள்ளே இருக்கும். அப்போது எங்களிடம் இருந்தது மைக்ராஸ்கோப்பும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டியூப்பும்தான். மைக்ராஸ்கோப்பில் அது ஓட வேண்டும். ஓடினால் சந்தேகமே கிடையாது. ஓடாமல் கிடந்தால் அதற்கும் சீழ் செல்லுக்கும் வித்தியாசம் சொல்வது பெரும்பாடு. உடம்புச் சூடு ஆற ஆற அதன் ஓட்டமும் நின்றுவிடும்.

எங்கள் பிரிவுக்கு அப்போது ஒரு டாக்டர் இருந்தார். நீங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. என் வயதுதான் இருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. லேபில் எல்லோரும் என்னை மேடம் என்றோ கனியக்கா என்றோ கூப்பிடுவார்கள். அவர் மட்டும் கனி என்பார். மைக்ராஸ்கோப்பில் எது தென்பட்டாலும் நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் எழுதியதில்லை. அவரும் என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் கையெழுத்துப் போட்டதில்லை. இரண்டு பேர் பார்த்த பிறகுதான் அது முடிவு. எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. நாங்களாகவே அப்படிப் பழகிக்கொண்டோம்.

ஒரு நாள் வடக்கே கடலோரத்திலிருந்து வரும் வேம்பார் பஸ்ஸில் ஒரு ஐஸ் பெட்டி வந்தது. கடற்கரை ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன கலெக்‌ஷன் சென்டரில் சாம்பிள் எடுத்து, கெட்டுப் போகக் கூடாதே என்ற அக்கறையில் ஐஸ் போட்டு அனுப்பியிருந்தார்கள். மற்ற எத்தனையோ சாம்பிள்களுக்கு அதுதான் சரியான முறை. இதற்கு மட்டும் ஆகாது. பெண்ணுக்கு ஐந்தாம் மாதக் கர்ப்பம் என்றும், இதற்கு முன், போன வருஷக் கர்ப்பத்திலேயே, இரண்டு தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது என்றும் கூடவே ஒரு குறிப்பு இருந்தது. அவள் பெயர் ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். சீழ் செல்கள் நிறைய இருந்தன. நடுநடுவே அசையாத உருண்டைகள் சில. அவை சீழ் செல்லாகவும் இருக்கலாம், குளிரில் விறைத்துச் செத்த ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். அதற்குள் பிரசவப் பிரிவிலிருந்து ஒரு இளம் டாக்டர் ஃபோன் செய்துவிட்டார். “இருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். நான் மாத்திரை எழுதணும்.”

‘காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வாசிக்கிறவர்கள் ‘நோய் இல்லை’ என்றுதான் வாசிப்பார்கள். நான் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“செத்துப் போனதுகிட்டக் கேள்வி கேட்டுப் பிரயோஜனம் இல்ல கனி. ரிசல்ட் எதுவும் எழுதாத. இந்த சாம்பிள் உதவாதுன்னு மட்டும் எழுது. ஆளை இங்கேயே வரச்சொல்லு” என்றார்.

அந்தக் குறிப்பில் இருந்த நம்பருக்கு நானே ஃபோன் செய்தேன். எடுத்தது மாமியார்.

“ஸ்டெல்லாட்டக் குடுங்கம்மா.”

“நான் அவ மாமியாதான். எங்கிட்டச் சொல்லுங்க. என்ன வந்திருக்கு?”

“ஒண்ணும் வரலம்மா. சாம்பிள் வழியில கெட்டுப் போச்சு. திரும்ப எடுக்கணும். அவளை இங்க வரச்சொல்லுங்க.”

“போன தடவயும் ஒண்ணும் இல்லன்னுதான் எழுதிக் குடுத்தாவ. ஒண்ணும் இல்லாததுக்கு எத்தன தடவ பஸ் ஏற?”

இருந்தாலும் மறுநாளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதை நான் மறக்கவில்லை. பின்னால் அந்த அம்மா செய்ததை நீங்கள் வாசிக்கும்போது, இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா ஒல்லியாக, வயிறு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தாள். நான் ஸ்லைடுக்கு வேண்டிய உப்புநீர் டியூப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டு பரிசோதனை அறை வாசலில் நின்றேன். சாம்பிள் எடுத்துக் கொடுத்ததும் ஸ்லைடைக் கையால் மூடிக்கொண்டு வராண்டாவில் ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து நோயாளிகள் வழி விட்டார்கள்.

கண்ணை வைத்த உடனே தெரிந்துவிட்டது. வலையிலிருந்து மணலில் விழுந்த பொடிமீன் துள்ளுமே, அப்படித் துள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம் துள்ளியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம். உடனே அந்தச் சந்தோஷம் அடங்கியும் போனது. இத்தனை மாதமாக இதைச் சுமந்துகொண்டு ஒருத்தி ‘ஒன்றும் இல்லை’ என்ற காகிதத்தோடு நடந்திருக்கிறாள். டாக்டர் இன்னொரு ஸ்லைடு போட்டு, காய்ந்து சாகாமல் இருக்க ஓரமெல்லாம் வாசலின் தடவி மூடி, கதகதப்பாக எடுத்து வைத்தார்.

ரிசல்ட் வாங்கும் ஜன்னலுக்கு மாமியார்தான் முதலில் வந்தார்.

“என்ன நோவுன்னு சொல்லுங்க. எம்மவன் கடல்ல கெடந்து உழைக்கான். இங்கன வீட்டுல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியணும்லா.”

“டாக்டர் உங்க மருமகள்ட்டச் சொல்லுவாங்கம்மா.”

“அவள்ட்ட என்னத்துக்கு? கூட்டிட்டு வந்தது நான்லா.”

“அவ உடம்புக்குத்தான பாத்தோம். அவள்ட்டத்தான் சொல்ல முடியும்” என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. இந்த ஜன்னலில் உங்களுக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள். அழுவார்கள், சண்டை போடுவார்கள், சொந்தம் சொல்வார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கோபப்படாமல் நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா டீ குடிக்கப் போன நேரம், டாக்டரிடம் ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு ஸ்டெல்லா என்னிடம் வந்தாள்.

“யக்கா, இது தீருமா?”

“தீரும். மாத்திரை இருக்கு. ஆனா உன் வீட்டுக்காரரும் கூடவே சாப்பிடணும். நீ மட்டும் சாப்பிட்டா அவரு மூலமா திரும்ப வந்திரும்.”

“அவுக நாளைக்குத் தோணியில மாலத்தீவுக்குப் போறாவ. இப்பம் பழைய துறைமுகத்துல சரக்கு ஏத்திட்டிருப்பாவ.” மாமியார் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கடல் மோசமா இருக்க மாசத்துலதான் யக்கா வீட்டுல இருப்பாவ. மத்த மாசம் பூரா எப்பம் வருவாவன்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். வந்தா பக்கத்துல போக முடியல. எரியும். தள்ளிப் படுத்தா நான் மாறிட்டேன்னு நெனைக்காவ. எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல.”

நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் இன்னும் ஒன்று கேட்டாள்.

“போன வருசம் ஏழாம் மாசத்துலயே ஒரு பிள்ளை பொறந்து போச்சு. இது அப்பமே இருந்திருக்குமோ? அப்பமே கண்டுபிடிச்சிருந்தா அந்தப் பிள்ளை இருந்திருக்குமா யக்கா?”

இந்தத் தொற்றுக்கும் மாதம் முடியாத பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்று படித்திருக்கிறோம். ஆனால் ஒரு குழந்தையைக் காட்டி, இது அதனால்தான் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. “தெரியலம்மா” என்றுதான் சொன்னேன். போன வாரம் உங்கள் மெஷின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. போன வருஷம் ஐஸில் போன அந்த முதல் இரண்டு சாம்பிளும் இந்த மெஷினில் ஏறியிருந்தால், செத்துக் கிடந்தாலும் பிடித்திருக்கும். அவள் என்னிடம் அப்படிக் கேட்க வேண்டி வந்திருக்காது.

ரொசாரியை, அதுதான் அவள் புருஷனுக்கு நான் வைத்திருக்கும் பெயர், ஸ்டெல்லா சம்மதித்த பிறகு ஃபோன் செய்து வரவழைத்தோம். சரக்கு ஏற்றிய சட்டை முழுக்க வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவையும் அவனையும் டாக்டர் உள்ளே உட்கார வைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“யாருட்ட இருந்து யாருக்கு வந்துச்சு?”

“அது எங்களுக்குத் தெரியாது. எப்ப வந்ததுன்னும் தெரியாது. இப்ப இருக்குன்னு மட்டும்தான் தெரியும்.”

“அப்பம் என்னையும் பாருங்க.”

ஆண்களிடம் மைக்ராஸ்கோப்பில் இதைப் பிடிப்பது கஷ்டம், தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். அவன் பிடிவாதமாக நின்றான். சிறுநீர் வாங்கிச் சுழற்றி, அடியில் தங்கியதைப் பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை. மிச்சத்தை கல்ச்சர் டியூப்பில் போட்டு, உடம்புச் சூட்டில் வளர்வதற்காக இன்குபேட்டரில் வைத்தேன். வளர்ந்தால் தெரியச் சில நாள் ஆகும். நான் டியூப்பை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவன் வராண்டாவில் நின்ற தன் அம்மாவிடம் போய்விட்டான்.

“எனக்கு ஒண்ணும் இல்லயாம்” என்று அவன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. திரும்பி வந்து டாக்டரிடமும் அதையே சொன்னான். “இல்லாத நோவுக்கு நான் எதுக்கு மாத்திரை திங்க?”

ஸ்டெல்லா அழவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, “உன் ஸ்லைடை அவருக்குக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள். அவள் வேண்டாம் என்றிருந்தால் காட்டியிருக்க மாட்டேன்.

அவனை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை என்றான். ஃபோகஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

“உசுரோட இருக்கு.”

“ஆமா.”

“இதெல்லாம் அவளுக்கு உள்ளயா இருக்கு?”

“ஆமாப்பா.”

கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தான். “எரியுது எரியுதுன்னு சொன்னா. நான்தான் சாக்குச் சொல்லுதான்னு நெனச்சேன்” என்று மெதுவாகச் சொன்னான். எழுந்து வந்து டாக்டரிடம் கையை நீட்டினான். மாத்திரையை எங்கள் முன்னாலேயே விழுங்கினான். மறுநாள் தோணி புறப்பட்டுப் போனது.

சில நாளில் டியூப் வளர்ந்தது. ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தால் அதே துள்ளல். ரொசாரிக்கும் தொற்று இருந்திருக்கிறது. மாலத்தீவில் இறங்கினால் ஃபோன் எடுப்பான் என்று முயன்றோம். லைன் கிடைக்கவில்லை. தோணியில் ரேடியோ உண்டு. எல்லோர் காதிலும் விழும்படி அதில் இதையா சொல்ல முடியும்?

மறு பரிசோதனைக்கு ஸ்டெல்லா தனியாக வந்தாள். புகுந்த ஊரிலிருந்து வரும் வேம்பார் பஸ்ஸில் இல்லை, திருச்செந்தூர் பஸ்ஸில்.

“ஆலந்தலையில அம்மா வீட்டுல இருக்கேன் யக்கா. மாமியா போகச் சொல்லிட்டாவ. எம்மவனுக்கு ஒண்ணும் இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அப்பம் ஒனக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு கேக்காவ.”

அவள் ஸ்லைடு சுத்தமாக இருந்தது. நோய் போய்விட்டது. நாலடி தள்ளி இன்குபேட்டருக்குள் அவள் புருஷனின் டியூப் இருந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டாக்டரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

“டாக்டர், ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ நாளைக்கே வீட்டுக்குத் திரும்பிப் போயிருவா.”

“அது அவனோட ரிசல்ட் கனி.”

“அவ வயித்துல பிள்ளையோட பஸ்ல அலையுதா.”

“எனக்கும் தெரியுது. இன்னைக்கு அவளுக்காக அவனோடதைச் சொன்னோம்னா, நாளைக்கு வேற ஒருத்தனுக்காக வேற ஒருத்தியோடதைச் சொல்லத் தோணும். அப்புறம் இந்த ஊர்ல யாரும் நம்மகிட்ட வர மாட்டாங்க.”

எனக்குக் கோபம். அவர் சொன்னது சரி என்று தெரிந்துதான் கோபம். டாக்டர் ஸ்டெல்லாவிடம் போய், ஆண்களுக்கு ஒரே தடவையில் தெரியாமல் போவது சாதாரணம் என்பதைத் திரும்பவும் சொன்னார். மாமியாருக்கும் அதை எடுத்துச் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டுக்கொண்டு ஃபோன் செய்தார். அந்த அம்மா எடுக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. காத்திருப்பது மட்டும்தான். மாலத்தீவு வரை சரக்கு ஏற்றிப் போகும் இந்தப் பெரிய மரத் தோணிகளைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. என் ஊர் தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையும் உள்ள ஊர். பழைய துறைமுகம் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் தினமும் காலையில், “மாலத்தீவுத் தோணி ஏதும் வந்துச்சா அண்ணாச்சி?” என்று கேட்க ஆரம்பித்தேன். “உங்களுக்கு அதுல சரக்கா வருது?” என்று அவர் சிரிப்பார். என் வீட்டுக்காரர் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கடலிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும் என்று நான் அப்படி ஏங்கியது விசித்திரம்தான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் மனசு கிடந்து தவிக்கும். ஸ்டெல்லா வருஷம் பூராவும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ரொசாரி வந்தான். பெட்டியும் பையுமாக, துறைமுகத்திலிருந்து நேராக லேபுக்கு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அந்த டியூப்புல என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

டாக்டர் அவனை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நானும் இருந்தேன். அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“அப்பம் எங்கிட்ட இருந்துதானா?”

“அதை எங்களால சொல்ல முடியாது ரொசாரி. உங்ககிட்டயும் இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.”

“எனக்குத் தெரியும் டாக்டர்” என்றான்.

நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லா அம்மா வீட்டில் இருப்பது அவனுக்கு மாலத்தீவிலேயே அவள் அனுப்பிய மெசேஜில் தெரிந்திருக்கிறது. அங்கே போய் நம்பர் மாறியிருந்ததால்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை; ஸ்டெல்லாவிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பாளே என்று நாங்களும் கேட்டிருக்கவில்லை. வராண்டாவில் நின்று, ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து அவளுக்குப் பேசி அனுப்பினான். மழைச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேசினான்.

“ஏளா, நான் வந்துட்டேன். நீ அங்கனயே இரு, மழையில வெளியே வராத. நான் ஆலந்தலைக்கு வாரேன். அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். எங்கிட்டயும் இருந்துச்சுன்னு சொல்லுதேன்.”

அவன் போன பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். “காலையிலயே உன் முகம் மாறியிருந்துச்சு. தோணி வந்தது உனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?”

“கடைக்காரர்ட்ட தினமும் கேட்டுக்கிட்டிருந்தேன் டாக்டர்.”

“நான் துறைமுக ஆபீஸ்ல” என்றார்.

ஒரே மேஜையில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் காத்திருந்திருக்கிறோம்.

மாமியார் உடனே இறங்கி வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். வெகுநாள் ஆலந்தலைப் பக்கமே போகவில்லை. ஆனால் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். என்னைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டார்.

அதற்குள் எங்கள் டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போயிருந்தார். குழந்தை பிறந்த செய்தி கிடைத்ததும் மாடிப்படியில் நின்று அவருக்குத்தான் ஃபோன் செய்தேன்.

“ஸ்டெல்லாவுக்குப் பொம்பளப் பிள்ளை டாக்டர்.”

“மாசம் முடிஞ்சுதானே?” என்று கேட்டார்.

“முடிஞ்சுதான். நல்லா இருக்கு. நல்லாச் சத்தம் போட்டு அழுதுச்சு.”

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மாத்திரையால்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே, அதற்கு அத்தாட்சி இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“ஃபோனை வெச்சிராத கனி. கொஞ்ச நேரம் அப்படியே இரு” என்றார்.

இருந்தேன். படியில் ஆட்கள் ஏறிப் போனார்கள், இறங்கிப் போனார்கள். அவர் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.